கொய்யாமேல் ஒரு சிட்டிகை உப்பு

மாசி போய்ப் பங்குனி பிறந்துவிட்டால் மரக்காணத்துப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இரண்டு விதமான குவியல்கள் கண்ணில் படும். ஒன்று வெள்ளை. அளத்துப் பாத்தியிலிருந்து வாரிக் கரையில் கொட்டிய உப்பு. இன்னொன்று கரும்பச்சை. திண்டிவனம், வானூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைந்து, வைக்கோல் பரப்பி அடுக்கிய தர்பூசணி. மார்கழியில் விதை ஊன்றினால் எழுபது நாள் சுமாரில் அறுப்புக்கு வந்துவிடும். வெயில் ஏற ஏற உப்பும் விளையும், தர்பூசணியும் விற்கும். முதல் குவியலைக் கூடையில் தலைமேல் சுமந்து கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாகம் எடுத்தால் இரண்டாவது குவியலிலிருந்து ஒரு கீற்று வாங்கித் தின்பார்கள். ஒருத்தியைத் தவிர: பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாத பச்சை உடம்புக்காரி.

"தர்பூசா? வாணாம்டி பாப்பா. பாலு குளுந்துடும். புள்ளைக்குச் சளி கட்டிக்கும்."

சொல்வது ஆயாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். பட்டியல் தர்பூசணியோடு நிற்காது. வாழைப்பழம் குளிர்ச்சி, திராட்சை இருமல், கொய்யா வயிற்று வலி, மாம்பழம் சூடு, பலா மாந்தம். பப்பாளி என்று பேரைச் சொன்னாலே வீட்டிலுள்ள பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது பேரீச்சை. வேடிக்கை என்னவென்றால், அரசாங்கமும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் எல்லாம் இருக்கும். பழம் என்று இருப்பது பேரீச்சை மட்டுமே. கெட்டுப்போகாது, அடுக்க எளிது, அதனால் அரசு அதைத் தேர்ந்தது. ஆயாவின் காரணம் வேறு. ஆனாலும் பச்சைப் பழம் எதுவும் அந்தப் பெண்ணின் கைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை.

இந்த விலக்குகளை உட்கார்ந்து எழுதிவைத்தவர் ஒரு ஐரோப்பிய மானிடவியலாளர், கேப்ரியல்லா ஐக்கிங்கர் ஃபெர்ரோ-லூசி. தமிழ்நாட்டுப் பெண்கள் எதையெல்லாம் விலக்குகிறார்கள் என்று 1973லும் 1974லும் 'எக்காலஜி ஆஃப் ஃபுட் அண்ட் நியூட்ரிஷன்' என்ற ஆய்விதழில் எழுதினார். ஒரு கட்டுரை கர்ப்பிணிகளைப் பற்றியது, மற்றது பிள்ளை பெற்ற பிறகும் பால் கொடுக்கும்போதும் உள்ள விலக்குகளைப் பற்றியது. அவர் இரண்டாகப் பிரித்தது சரியான காரியம். ஊரில் அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. கர்ப்பத்தில் 'ஆகாது' என்று கேட்ட பெண் பிரசவத்துக்குப் பிறகும் அதே பயத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

பப்பாளியை எடுத்துக்கொள்வோம். காயாகவோ அரைப்பழமாகவோ இருக்கும்போது அதில் வடியும் பால் கருப்பையைச் சுருங்கவைக்கக் கூடும் என்பதால்தான் கர்ப்பிணிகளை எச்சரிக்கிறார்கள். பிள்ளை வெளியே வந்த பிறகு அந்தக் காரணமே இல்லை. நன்றாகப் பழுத்த பப்பாளி பால் கொடுக்கிறவளுக்கு வைட்டமின் ஏ தரும் நல்ல பழம். இன்னொரு விசித்திரமும் உண்டு. பிரசவத்துக்கு முன் வாசல்படி ஏறவிடாத பப்பாளிக்காயை, பிரசவத்துக்குப் பின் 'பால் சுரக்கும்' என்று கூட்டு வைத்துக் கொடுக்கும் வீடுகள் இதே தமிழ்நாட்டில் இருக்கின்றன.

குளிர்ச்சிக்கு வருவோம்.

தாய் தின்றது நேராக மாருக்குப் போவதில்லை. வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்து, அந்த ரத்தத்திலிருந்து மார்ச்சுரப்பிகள் வேண்டியதை எடுத்துப் பாலாக்குகின்றன. அவள் ஐஸ் தின்றாலும் வெந்நீர் குடித்தாலும் பிள்ளை குடிக்கும் பால் உடம்புச் சூட்டில், 37 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். சளி வைரஸால் வருவது. மழைக்காலத்தில் மூக்கொழுகும் அண்ணன் வந்து தங்கச்சிப் பாப்பாவுக்கு முத்தம் கொடுத்திருப்பான். அன்று காலை அம்மா ஒரு வாழைப்பழம் தின்றிருப்பாள். பழி வாழைப்பழத்தின் மேல் விழும், அண்ணன் தப்பித்துக்கொள்வான்.

பழத்திலிருந்து பாலுக்கு ஒன்றுமே போவதில்லையா என்றால், போகிறது. வாசம் போகிறது. 1991இல் அமெரிக்காவில், பிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் பூண்டு வாசம் ஏறியது. பிள்ளைகள் முகம் திருப்பவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மாரைப் பற்றிக்கொண்டிருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை வதக்கிச் சோற்றில் பிசைந்து போடும் நம் ஊர்ப் பாட்டிமாருக்கு இந்தச் செய்தி அப்படியொன்றும் ஆச்சரியமாக இராது. 2008இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாழைப்பழ வாசத்துக்குக் காரணமான வேதிப்பொருளைத் தாய்மாருக்குக் கொடுத்துப் பாலைச் சோதித்தார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பாலில் தென்பட்டது, அதுவும் மிகமிகச் சிறு அளவில். பிறகு காணாமல் போனது. கேரட் சாறு குடித்த தாயின் பிள்ளைகள் பின்னாளில் கேரட் கலந்த உணவைச் சுளிக்காமல் தின்றதாகவும் மெனெல்லா குழுவினர் 2001இல் எழுதினார்கள். மரக்காணத்துப் பிள்ளைக்குத் தர்பூசணியின் முதல் அறிமுகம் ஆறு மாதத்துக்கு முன்பே, அம்மா வழியாக, கிடைக்கக்கூடும் என்று இதற்குப் பொருள்.

சத்துகளில் சில தாயின் சாப்பாட்டைப் பொறுத்துப் பாலில் ஏறி இறங்கும். வைட்டமின் ஏயும் சியும் அப்படி. அயோடினும் அப்படி, அதைப் பற்றிப் பின்னால். கால்சியமும் இரும்பும் அப்படியல்ல. தாய் தின்றாலும் தின்னாவிட்டாலும் பாலில் அவற்றின் அளவு பெரிதாக மாறாது, குறைவதெல்லாம் அவள் எலும்பிலும் ரத்தத்திலும்தான். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி பால் கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 115 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். சாதாரணப் பெண்ணுக்கு 65தான். அதே நிறுவனத்தின் உணவு அட்டவணையில் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆக, பாதிக் கொய்யாவில் வேலை முடிந்தது. ஆப்பிளும் கிவியும் வாங்கி வரும் உறவினர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஆயாவைப் பரிகாசம் செய்வது சுலபம், நியாயமில்லை. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் ஈ மொய்த்த பழத்தைத் தின்று பச்சை உடம்புக்காரிக்குப் பேதி கண்டால் உயிருக்கே ஆபத்து. பத்தியம் என்ற பேரில் அந்தப் பெண்ணுக்கு நாற்பது நாள் அடுப்படி வேலையிலிருந்து விடுப்பும், பால்சுறாப் புட்டும், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. கட்டுப்பாட்டோடு சலுகையும் சேர்ந்து வந்தது. இன்று சலுகை கழன்றுகொண்டது, கட்டுப்பாடு மட்டும் நிற்கிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு பிள்ளைக்கு, அம்மா ஆரஞ்சு தின்ற அன்று பின்புறம் சிவந்து தடித்துப்போவது உண்டு. அந்த வீட்டில் அந்தப் பழத்தை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தின்று பார்ப்பதில் தப்பில்லை. ஒரு பிள்ளைக்கு நடந்ததற்காக ஊரிலுள்ள எல்லா அம்மாவுக்கும் ஆரஞ்சை நிறுத்துவதுதான் வம்பு. உண்மையில் ஒவ்வாமை என்று மருத்துவர்கள் சந்தேகிக்கும்போது பெரும்பாலும் முதல் ஆளாக நிற்பது அம்மா குடிக்கும் டீயிலுள்ள பசும்பால். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. வசம்பும் கடுக்காயும் ஜாதிக்காயும் உரசி, பிறந்து பத்து நாளான பிள்ளையின் வாயில் தடவும் உரை மருந்தையும் யாரும் சந்தேகிப்பதில்லை. அம்மா தின்னும் கொய்யாமேல்தான் எல்லாக் கண்ணும்.

2025இல் பழைய பயத்தோடு புதுப் பயம் ஒன்று சேர்ந்தது. மார்ச் கடைசியில் சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், தர்பூசணியில் நிறமி கலந்திருக்கிறதா என்று பார்க்கும் விதத்தை விளக்கினார். வெட்டிய பழத்தில் காகிதத்தைத் தேய்த்தால் சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பது. அந்தக் காணொளி கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. 'ஊசி போட்ட பழம்' என்று பேச்சு கிளம்பி, சீசன் உச்சத்தில் விலை சரிந்தது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்து விவசாயிகள் பலருக்கு அறுப்புக்கூலிகூடத் தேறாத நிலை வந்தது. ஊசி குத்தினால் பழம் சீக்கிரம் அழுகிவிடும், அப்படி யாரும் லாரி லாரியாகச் செய்ய முடியாது என்று தோட்டக்கலைத் துறையினர் விளக்க வேண்டியிருந்தது. தர்பூசணியின் சிவப்பு லைக்கோபீன் என்ற நிறமி, தக்காளியில் இருப்பதும் அதுதான். நல்ல பழத்தில் காகிதத்தை வைத்து அழுத்தினாலும் சாற்றோடு கொஞ்சம் இளஞ்சிவப்பு ஒட்டத்தான் செய்யும். கலப்படத்தைப் பற்றி எச்சரிப்பது அதிகாரிகளின் வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை வீட்டுக்குள் வந்து சேரும்போது யார் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கியது என்று பார்க்க வேண்டும். ஐ.பி.எல். பார்த்துக்கொண்டே தின்கிறவர் நாலு நாளில் பழையபடி வாங்கிவிடுவார். பால் கொடுக்கிறவளிடம் மட்டும், 'நான் சொன்னேனே, டி.வி.யிலயும் சொல்லிட்டான்' என்று சொல்ல ஆயாவின் கட்சிக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

மெய்யாகவே கவனிக்க வேண்டிய ரசாயனம் ஒன்று உண்டு. மாம்பழ சீசனில் 'கல் வைத்துப் பழுக்கவைத்தது' என்பார்களே, அந்தக் கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு கிளம்பிக் காயைப் பழுக்கவைக்கும். கல்லில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருப்பதால் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்த 2016இல் அனுமதி கொடுத்தார்கள். அது பழம் தானாகவே வெளிவிடும் வாயு, பயப்பட வேண்டியதில்லை. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் கட்டியாக, மூக்கருகே கொண்டுபோனாலும் மணமே இல்லாத மாம்பழத்தை வாங்காமல் விடலாம். கழுவித் தோல் சீவித் தின்பது நல்லது. இந்த ஜாக்கிரதை பால் கொடுக்கிறவளுக்கு மட்டுமான விசேஷமல்ல, அந்த வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொருந்துவது.

அழுக்கு விஷயத்தில் ரசாயனத்தைவிடக் கத்திக்கு அதிகம் பயப்படலாம். தர்பூசணி தரையில் படுத்தே வளர்கிற பழம். அடிப்பக்கம் மண்ணும் எருவும் ஒட்டியிருக்கும். கழுவாமல் கத்தியை இறக்கினால் தோலிலுள்ளதைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். 'தோலைத் தின்னப் போறதில்லையே, எதுக்குக் கழுவணும்?' என்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகு வெட்ட வேண்டும். திராட்சையைக் கொத்தாக முக்கி எடுக்காமல் உதிர்த்துக் கழுவ வேண்டும். சாலையோரத்தில் காலையிலேயே வெட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் அடுக்கி, ஐஸ் கட்டி போட்ட கீற்றுகளைத் தவிர்த்து, கண்முன்னால் வெட்டச் சொல்லி வாங்கலாம். கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைக்காததால் வண்டிக்காரர் கத்தி கழுவும் தண்ணீர் வாளியில் காலையிலிருந்து அதேதான். இதையெல்லாம் மீறித் தாய்க்குப் பேதி கண்டாலும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. பேதிக் கிருமி பொதுவாகப் பாலில் இறங்குவதில்லை. அதற்கு எதிரான நோயெதிர்ப்புச் சத்து இறங்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டு, அவள் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்தப் பேச்செல்லாம் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு. அளத்துக்குப் போகிறவள் கதை வேறு. வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். பிள்ளையை ஏணையில் போட்டு ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒன்பது மணிக்கெல்லாம் மார் கனத்துப் பால் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனையும். மேலே போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டை உப்புத்தண்ணீரிலும் வியர்வையிலும் ஏற்கெனவே நனைந்திருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்து 2023இல் எழுதினார்கள். சுமார் 90 சதவீதம் பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்தார்கள், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அளத்தில் கழிப்பறை இருக்காது. ஒதுங்க மரம்கூட இல்லாத வெட்டவெளி. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

பால் கொடுக்கிறவள் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவு பாலாகவே வெளியேற்றுகிறாள். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். அரைக் கிலோ கீற்றில் 450 மில்லி. பதினோரு மணிக்கு அளத்திலிருந்து கரையேறி வருகிறவளுக்குச் சாலையோரத்தில் இதைவிடக் கைக்கெட்டிய சமாச்சாரம் வேறில்லை. அதைத்தான் குளிர்ச்சி என்று தடுக்கிறார்கள். அந்த வெயிலை யாரும் சூடு என்று தடுக்கவில்லை. சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்பு 2017இல் வந்தது. தினக்கூலிக்கு அளத்தில் இறங்குகிறவளுக்கு அது செய்தித்தாளில் வந்த சங்கதி, அவ்வளவே.

கடைசியாக அந்த அயோடின். பிள்ளையின் தைராய்டுக்கும் மூளை வளர்ச்சிக்கும் வேண்டிய அயோடின் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலிலிருந்து மட்டுமே வருகிறது. பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழத்தில் அது இல்லையென்றே சொல்லலாம். கடல் மீனில் உண்டு, அயோடின் சேர்த்த உப்பில் உண்டு. கடலில் எடுத்த உப்புதானே, அதில் இயற்கையாகவே இருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். அளத்து உப்பில் அது பொருட்படுத்தத் தக்க அளவு கிடையாது. ஆலையில் தெளித்தால்தான் உண்டு. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பது 2006 மே முதல் இந்தியா முழுக்கத் தடை. இருந்தும் 2018-19இல் நாடு தழுவிய கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலங்களிலும் கடைசி. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடற்கரை நெடுக உப்பு விளைவிக்கும் மாநிலம் கடைசி. அளத்தில் வேலை செய்கிறவர் வீட்டுக்கு உப்பை யாராவது கடையில் வாங்குவார்களா? ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தால் வருஷத்துக்குக் காணும்.

ஆகப் பால் குடிக்கும் பிள்ளையை முன்னிட்டு அம்மாவின் தட்டை ஆராய்வதென்றால், பழத்தைவிட அதன்மேல் தூவும் பொருளில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடலாம். கல் உப்புதான் வேண்டும் என்பவர்களுக்குச் சிரிக்கும் சூரியன் முத்திரை போட்ட அயோடின் கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. ஈரம் படாமல் மூடிவைத்தால் சரி.

மரக்காணத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் கூடையோடு ஏறுகிற கொய்யாக்காரர்கள் கை வேகமானது. பழத்தை உள்ளங்கையில் வைத்து, அடியை விடாமல் நாலாகப் பிளந்து, பிளந்த வாயில் மிளகாய்த்தூள் கலந்த உப்பை விரலால் தடவிக் காகிதத்தில் வைத்து நீட்டுவார்கள். பின் சீட்டில் துப்பட்டாவுக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி இடக்கையை நீட்டி வாங்குவாள், மாமியார் கூட வராத பயணமாக இருந்தால். எந்த உப்புங்க இது என்று கொய்யாக்காரரைக் கேட்டால், கேள்வியே புரியாதவர்போல் ஒரு கணம் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் குவியலைக் கைகாட்டுவார்: "எந்த உப்புன்னா? அதோ, அந்த அளத்து உப்புதான்."